உல்ரிகேயின் செடிகளுக்கு நான் ஊற்றிய தண்ணீர்

படிப்பு அதிகமாகிவிட்டவர்களிடம் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையைக் கொடுக்கக் கூடாது. வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். அதுவும் அது கஞ்சாச் செடியாக இருந்தால் கண்டிப்பாகக் கூடாது.

(பதறாதீர்கள். ஜெர்மனியில் சட்டம் மாறிவிட்டது. வயது வந்த ஒருவர் வீட்டில் மூன்று செடி வரை வளர்த்துக்கொள்ளலாம். எங்கள் அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.)

அங்கே எர்லாங்கன் நகரில் எனக்கு ஆராய்ச்சி வேலை. உல்ரிகே என்ற அறுபது வயதுப் பெண்மணியின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அந்த வருடம்தான் எனக்குக் கல்யாணம். பொள்ளாச்சியில் தாலி கட்டிய பத்தொன்பதாம் நாள் நான் மட்டும் விமானம் ஏறினேன். கணவர் செந்தில் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். அவருக்கு விசா வர எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

பத்தொன்பது நாள் பழக்கத்தில் இரண்டு பேர் என்ன பேசிவிட முடியும்? தினமும் மாலை ஐந்தரைக்கு வீடியோ கால் வரும்.

"சாப்டீங்களா?"

"சாப்டனுங்க. நீங்க?"

"சாப்டனுங்க."

பிறகு இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் சட்டைக் கையில் தினம் ஒரு சாயம் ஒட்டியிருக்கும். ஒரு நாள் நீலம், ஒரு நாள் அரக்கு. கேட்கவும் சொல்லவும் எவ்வளவோ இருந்தது, வாய்தான் வரவில்லை. போனை வைத்த பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், சொல்லாமல் விட்டதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஆற்றோரம் மிதிப்பேன். (எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.)

அப்போதுதான் உல்ரிகேவுக்கு இடுப்பு ஆபரேஷன் நடந்து, மறுபடி நடக்கப் பழக்கும் மருத்துவமனைக்கு நான்கு வாரம் போக வேண்டி வந்தது. இடுப்பு வலிக்கென்று விதை போட்டு அவர் வளர்த்த மூன்று கஞ்சாச் செடிகள், கூடத்து ஜன்னலோரம் இடுப்பளவு வளர்ந்து நின்றன. தண்ணீர்க் கேனில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போனார். எங்கள் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், காரத்தன்மை கூடுதல். அப்படியே ஊற்றினால் வேர் இரும்புச்சத்தை எடுக்காது, இலை மஞ்சளாகும். அதனால் ஒரு கேனுக்கு எட்டுச் சொட்டு அமிலம் விட வேண்டும், நிறம் மாறும் தாளை நனைத்துப் பார்க்க வேண்டும், பி.எச். ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவில் இருந்தால் ஊற்றலாம். அவ்வளவுதான்.

தாளா? ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் செய்கிற வேலையை நான் செய்வதா? ஆய்வுக்கூடத்து அலமாரியில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பி.எச். மீட்டரைப் பொறுப்பாளரிடம் கேட்டு வாங்கி வந்தேன். "அது ரொம்பப் பழசு" என்றார். காதில் வாங்கவில்லை.

எட்டுச் சொட்டு விட்டேன். மீட்டர் ஏழரை என்றது. இன்னும் எட்டு. அதே ஏழரை. முப்பது சொட்டுக்குப் பிறகு மனமில்லாமல் கொஞ்சம் இறங்கியது. அன்று மாலை செந்திலிடம் பேச விஷயம் கிடைத்துவிட்டது. இந்த ஊர்த் தண்ணீரில் உள்ள கார்பனேட் எப்படி அமிலத்தை எதிர்த்து நிற்கிறது என்று இருபது நிமிடம் விளக்கினேன். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். கல்யாணமான பிறகு எங்களுடைய முதல் நீண்ட உரையாடல் அதுதான். மறுநாளிலிருந்து "சாப்டீங்களா"வுக்குப் பதில் "செடி எப்படி இருக்குதுங்க?" என்றுதான் ஆரம்பித்தார். ஐந்தரை மணிக்காக நான் காலையிலிருந்தே காத்திருக்கத் தொடங்கினேன்.

இரண்டாவது வாரம் இலை நுனிகள் கருகின. திரையில் உற்றுப் பார்த்த செந்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்த மீட்டரு சரியாக் காட்டுதான்னு பாத்தீங்களா? இங்க நாங்க எதுக்கும் தாள்லயும் ஒருக்கா பாத்துக்குவோமுங்க."

"அதெல்லாம் சாயப்பட்டறைக்குச் சரிங்க. நான் இதுல டாக்டரேட் வாங்கியிருக்கேன்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எனக்கே கேட்டது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"சரிங்க," என்றார்.

அதற்குப் பிறகு ஆறு நாள், கால் வந்தது, "சாப்டீங்களா" வந்தது, வேறொன்றும் வரவில்லை. செடியைப் பற்றி அவர் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று தினமும் நினைத்தேன், தினமும் "சாப்டனுங்க" என்றே சொல்லி முடித்தேன். அந்த மடித்த சட்டைக் கை கண்ணிலேயே நின்றது. அதில் அன்று என்ன நிறம் ஒட்டியிருந்தது என்றுகூட நான் பார்த்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு செடி மொத்தமாகத் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. வேறு வழியில்லாமல் உல்ரிகேயின் தாளை எடுத்துக் கேனில் நனைத்தேன். செக்கச்செவேல். பி.எச். மூன்று. மீட்டர் செத்து எத்தனை வருடமோ. மூன்று வாரமாக அந்தச் செடிகளுக்கு நான் ஏறக்குறைய எலுமிச்சைச் சாறு ஊற்றியிருக்கிறேன். (அளவு தெரிந்த கரைசலில் வைத்துச் சரிபார்க்காமல் மீட்டரைத் தொடாதே என்று மாணவர்களைத் திட்டுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.)

செந்திலுக்கு நானே அழைத்தேன். பேச வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. தாளைத் தூக்கிக் காட்டினேன்.

"அழாத கண்ணு," என்றார். "தொட்டி மூணையும் பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போ. மண்ணுல இருக்கற அமிலத்தக் கழுவி எடுக்கோணும்."

குளியல் தொட்டிக்குள் மூன்று செடிகள், வாஷ்பேசின் மேல் செந்தில். நான் ஊற்றினேன், அடியில் வடிந்த தண்ணீரில் தாளை நனைத்துக் கேமராவில் காட்டினேன். வருடக்கணக்காக நிறம் பார்த்த கண். "இன்னும் நாலுதான் இருக்கு, ஊத்து," "இப்ப அஞ்சு, ஊத்து" என்று தாளின் நிறத்தைப் பார்த்தே பி.எச். அளவைச் சொன்னார். இரண்டு மணி நேரம். முழுக்க நனைந்து தரையில் உட்கார்ந்தபோதுதான் அந்தக் 'கண்ணு' எனக்கு உறைத்தது. ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த ஒரு வார்த்தை. அதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்க வெட்கமாக இருந்தது.

"அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றேன்.

"தலையத் தொவட்டு மொதல்ல," என்றார்.

இரண்டு செடிகள் போய்விட்டன. ஒன்று பிழைத்தது. உல்ரிகே ஊன்றுகோலுடன் வந்து அதன் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அங்கே படுத்துக்கொண்டு தினமும் இவற்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்," என்றார். பிறகு, "இதைக் காப்பாற்றியது யார்?"

"என் கணவர்."

"அவர் எப்போது வருகிறார்?"

"தெரியவில்லை."

ஒரு கையால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திருப்பூரில் கதை வேறு மாதிரி போயிற்று. அந்த ஞாயிறு மகன் போனும் கையுமாக "ஊத்து, ஊத்து" என்று கத்தியதைக் கேட்ட அத்தை, என்ன செடி என்று விசாரித்திருக்கிறார். "தக்காளிங்கம்மா" என்று சொல்லிவிட்டார் செந்தில். சீமைக்குப் போய்ப் படித்த மருமகள் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியாமல் இரண்டைக் கொன்றுவிட்டாள் என்ற செய்தி, ஒரே வாரத்தில் சொந்தபந்தம் முழுக்கப் பரவியது. உண்மையைச் சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

எட்டு மாதம் கழித்து செந்தில் வந்திறங்கினார். பெட்டியில் அத்தை கொடுத்துவிட்ட தக்காளித் தொக்கு இரண்டு பாட்டில். மூடியில் ஒரு சீட்டு: "செடியெல்லாம் வேண்டாம் சாமி, இதையே சாப்பிடு."

இன்றும் சொந்தத்தில் யார் வீட்டில் எந்தச் செடி வாடினாலும் எனக்குப் போன் வரும். "ஏனுங் டாக்டரம்மா, தண்ணி ஊத்தலாமுங்களா, வேண்டாமுங்களா?" பின்னால் நாலு பேர் சிரிப்பது கேட்கும். போனை அப்படியே செந்திலிடம் நீட்டிவிடுகிறேன். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.