ஏரிக்கரையில் ஆள் எண்ணிய கதை

சேசு மரி சூசை துணை

கோவில்பதாகை,
பிப்ரவரி 1991

மரியாதைக்குரிய பெரிய மச்சான் கிறிஸ்துராஜ் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் எட்மண்ட் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் உயிரோடு இருக்கிறேன். நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் என் நலம் மொத்தமும் போன வாரத்திலிருந்து வானகரத்தில் உங்கள் வீட்டுச் சமையலறையில் இருப்பதால் அப்படி எழுதக் கை வரவில்லை. அவ்விடம் தாங்களும் ஞானகுமாரி அக்காவும் சுகமாயிருக்கவும், அக்காவின் முழங்கால் வலி குறையவும் மாதாவை மன்றாடுகிறேன். கடிதத்தின் காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹில்டாவை அனுப்பி வையுங்கள். இனி வருவதெல்லாம் விளக்கம்.

அவள் தன் பக்கத்தை ரெண்டு வார்த்தையில் சொல்லியிருப்பாள், அது அவள் சுபாவம். எனக்கு அப்படிச் சொல்ல வராது, அதனால் பொறுமையாகப் படியுங்கள். ஃபாக்டரியில் நான் பார்த்தது பாதுகாப்புப் பிரிவு என்பது உங்களுக்குத் தெரியும். சிவப்பு வாளியில் மணல் நிரப்பி மாட்டுவது, தீயணைக்கும் குழாயைச் சுருட்டி வைப்பது, ஒத்திகைச் சங்கு ஊதினால் ஆட்களை வெளியே விரட்டி வரிசையில் நிறுத்தித் தலையை எண்ணுவது. என் சர்வீஸ் முழுக்க ஒரு பீடி நெருப்பு கூடப் பரவியதில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், "அப்போ இத்தனை வருஷமும் சும்மாதான் உக்காந்திருந்தீங்க" என்பாள் உங்கள் தங்கை. ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்தச் சொந்த வீட்டுக்கு வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இந்த வீட்டுக்குப் பாதுகாப்பு அதிகாரி யாரும் இல்லை என்பதுதான். ஆபத்து வருகிறபோது சொல்லிக்கொண்டா வரும்? இதில் என்ன தப்பு சொல்லுங்கள்.

முதலில் வாசலில் நாலு வாளி மணல் மாட்டினேன். எதிர்வீட்டுப் பார்வதம் வேர்க்கடலை வறுத்து விற்கிறவள், சுத்தமான ஆற்றுமணல் என்று பார்த்ததும் தெரிந்துகொண்டு ஒரு வாளியைக் கேட்டு வாங்கினாள், மற்றதைக் கேட்காமல் வாங்கினாள். திருப்பிக் கொடுத்தபோது மணலில் கடலைத்தோல் கலந்திருந்தது. அடுத்ததாக இரும்புப் பெட்டி ஒன்று தயார் செய்தேன். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, டார்ச் லைட்டு, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, ஹில்டாவின் மாற்றுக் கண்ணாடி, அவளுடைய சர்க்கரை மாத்திரை, எல்லாம் அதற்குள். வெள்ளம் வந்தால் பெட்டி பரண்மேல் இருக்க வேண்டும், தீப்பிடித்தால் வாசலண்டை இருக்க வேண்டும். அதனால் மழைக்காலத்தில் மேலே ஏற்றுவதும் வெயில் காலத்தில் இறக்குவதுமாக இருந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. கரண்ட் போனால் டார்ச் பெட்டியில், பெட்டியைத் திறக்கும் சாவி ஆணியில், ஆணி எங்கே என்று பார்க்க டார்ச் வேண்டும். அடுப்பு பற்றவைக்கத் தீப்பெட்டி வேண்டுமென்றால் ஹில்டா ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். கடைசியில் அவள் பார்வதம் வீட்டில் போய் நெருப்பு வாங்கி வர ஆரம்பித்தாள். ஆபத்து வராமலே ஆபத்துக் காலம் மாதிரி குடித்தனம் நடந்தது. அவள் முணுமுணுக்கவில்லை, மச்சான். முணுமுணுத்திருந்தால் நான் சுதாரித்திருப்பேன்.

போன ஐப்பசி மழைக்கு ஏரித் தண்ணீர் பின்வாசல் படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. உடனே பின்கதவுக்கு வெளியே இடுப்பு உயரத்துக்கு மணல் மூட்டை அடுக்கினேன். துணி காயப்போட வேண்டுமானால் முன்வாசல் வழியாகச் சுற்றிப் போ என்று சொன்னேன். சரி என்றாள். அவள் சரி என்றால் விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

இப்படி இருக்கும்போதுதான் வளைகுடாவில் சண்டை மூண்டது. நான் ரேடியோவை அணைப்பதே இல்லை. ஆவடியில் டாங்கி செய்கிற ஃபாக்டரி இருக்கிறது என்று ஊருக்கே தெரிகிறபோது எதிரிக்குத் தெரியாதா என்று பக்கத்து வீட்டுக் கஜபதியிடம் கேட்டேன். எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர், நல்ல மனுஷர். "இன்னா பெரியவரே, நமக்கு எதிரி யாரு?" என்றார். அது சர்க்காருக்குத்தான் தெரியும் என்றேன். அன்றைக்கே தெருவைக் கூட்டிப் பாடம் நடத்தினேன். ஷிஃப்ட் மாறுகிற நேரம் தவிர வேறு நேரத்தில் ஃபாக்டரி சங்கு ஊதினால் அது விளையாட்டில்லை, கையில் உள்ளதைப் போட்டுவிட்டு எல்லாரும் ஏரிக்கரைக்கு வந்துவிட வேண்டும், வீட்டுக்கொருத்தர் ஆள் எண்ணிச் சொல்ல வேண்டும் என்றேன். வெள்ளம் வந்தா ஏரிக்கரைக்கா ஓடுவாங்க என்று கோடிவீட்டு நாகம்மாள் கேட்டாள். அவள் எப்போதும் குறுக்கே பேசுகிறவள்.

ஜனவரி முப்பதாம் தேதி பதினோரு மணிக்குச் சங்கு ஊதியது. நீளமாக, விடாமல். உங்களுக்குச் சிரிப்பு வரும். காந்தி இறந்த நாளில் வருஷா வருஷம் ஊதுகிற சங்கு, ரெண்டு நிமிஷம் மௌனமாக நிற்கச் சொல்லி. நானே ஃபாக்டரியில் வருஷா வருஷம் நின்றிருக்கிறேன். ஆனால் அங்கே முதல் நாளே சர்க்குலர் வரும், கையெழுத்துப் போடுவோம், மறுநாள் சூப்பர்வைசர் வரிசையில் நிறுத்துவார். ரிட்டயர் ஆனவன் வீட்டுக்கு யார் சர்க்குலர் அனுப்புகிறார்கள்? சர்க்குலர் இல்லாமல் எனக்கு அது என்ன நாள் என்று எப்படித் தெரியும்? ஹில்டா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். "கிளம்பு" என்று கத்தினேன். "வரேன்" என்றாள். அப்புறம் நான் செய்ததெல்லாம் கை தானாகச் செய்தது. மெயின் சுவிட்சை அணைத்தேன், பெட்டியைத் திறந்து அதன் சாவியை ஆணியிலேயே மாட்டினேன், பெட்டியைத் தூக்கினேன், வெளியே வந்து கதவைப் பூட்டினேன், சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பெட்டியின் அமுக்குப் பூட்டை அமுக்கினேன், ஓடினேன்.

தெருவே ஓடி வந்தது, மச்சான். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கரைமேல் வரிசையாக நிறுத்தி எண்ணினேன். நாகம்மாள் வீட்டில் சரி, பார்வதம் வீட்டில் சரி, கஜபதி வீட்டில் ஆட்களும் சரி, எருமையும் சரி. "உங்க ஊட்ல?" என்று கஜபதி கேட்டார். எங்கள் வீட்டில் எல்லாம் பத்திரம் என்று பெட்டியைத் தட்டிக் காட்டினேன். அதற்குள் ரெண்டாவது சங்கு ஊதியது, எல்லாரையும் குப்புறப் படுக்கச் சொன்னேன், பார்வதம் கட்டியிருந்த புதுப்புடவையோடு சேற்றில் படுத்தாள். அந்த வழியாகச் சைக்கிளில் வந்த தபால்காரர் முதல் சங்குக்கே இறங்கித் தலைகுனிந்து நின்றிருந்தார், அவரும் பயந்துவிட்டார் பாவம் என்று நினைத்திருந்தேன். ரெண்டாவது சங்கு அடங்கியதும், "இன்னிக்குக் காந்தி செத்த நாள் சார்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். கஜபதி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "காந்தித் தாத்தாவுக்கு ஊதுன சங்குக்கு எங்கள இங்க இட்டுகினு வந்து குப்புறப் படுக்க வச்சிட்டியே பெரியவரே, மாடு பயந்து பால் வத்திப் போச்சுன்னா இன்னா பண்றது" என்றார். அப்போதுதான் பார்வதம் சேற்றைத் துடைத்தபடி, "அது கெடக்கட்டும். ஹில்டாக்கா எங்க?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் இருப்பதே ரெண்டு பேர். பிள்ளை குட்டி இல்லை. அந்த ரெண்டு பேரில் ஒருத்தன் எண்ணுகிறவன். மிச்சம் ஒரு ஆளைத்தான் நான் எண்ண வேண்டியிருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். வீட்டுச் சாவி பெட்டிக்குள், பெட்டிச் சாவி வீட்டுக்குள் ஆணியில். கஜபதிதான் கடப்பாரை கொண்டுவந்து பூட்டை உடைத்தார். ஹில்டா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கை ரெண்டும் மடியில். அடுப்பை அணைத்திருந்தாள். "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். வந்துட்டாங்க என்றேன். "எண்ணிப் பாத்தீங்களா?" என்றாள். பாத்தேன் என்றேன். எனக்குச் சோறு போட்டாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள், மஞ்சள் பையில் ரெண்டு புடவையை வைத்துக்கொண்டு பூந்தமல்லி பஸ் ஏறிவிட்டாள். குமணன்சாவடியில் இறங்கி மாற வேண்டும் என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். தன் பிறந்த வீட்டுக்குப் போகிற வழியை அவளுக்கு நான் சொன்னேன் பாருங்கள்.

இப்போது என் நிலைமையைக் கேளுங்கள். பெட்டியைக் காலி செய்துவிட்டேன். தீப்பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில், டார்ச் ஆணியில், எல்லாம் மனுஷர் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறது. மணல் வாளி நாலையும் பார்வதத்துக்கே கொடுத்துவிட்டேன். கொடுத்த மறுநாள் ஸ்டவ்வில் பால் காய்ச்சும்போது தோளில் கிடந்த துண்டு நெருப்பில் பட்டுத் திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது. முழு சர்வீஸிலும் பார்க்காத தீயை அன்றைக்குப் பார்த்தேன். மணல் இல்லை. பக்கத்தில் இருந்த ரசத்தை ஊற்றி அணைத்தேன். அது ஒன்றுதான் நான் வைத்ததில் உருப்படியாக வந்த ரசம். தெருவில் என்னைப் பார்த்தால் பையன்கள் நெஞ்சில் கை வைத்து மௌனமாக நிற்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். குண்டுக்கும் வெள்ளத்துக்கும் இல்லை. நான் கீழே விழுந்து கிடந்தால் ஒரு ஆள் குறைகிறதே என்று கேட்க இந்த வீட்டில் யாரும் இல்லை.

ஆகவே நீங்கள் பெரியவராக இருந்து எடுத்துச் சொல்லுங்கள். முன்கதவைப் பூட்டியது கைப்பழக்கம். பின்பக்கம் மணல் மூட்டை இருந்ததால் அவளால் வெளியே வர முடியவில்லை, அதுவும் முன்யோசனையாகச் செய்ததுதான். ஆக மொத்தம் இது பூட்டின் பிழை, மூட்டையின் பிழை, சர்க்குலர் அனுப்பாதவர்களின் பிழை. என் மனசில் அவள் இல்லாமல் போனாள் என்று அர்த்தம் இல்லை. இதை அவளுக்குப் புரியும்படி சொன்னால் புரிந்துகொள்வாள், நல்லவள்.

அக்காவுக்கு என் வணக்கம். காணாமல் போனதைத் தேடித் தருகிற கோடி அற்புதர் அந்தோணியார் உங்கள் வீட்டையும், முடிந்தால் என் வீட்டையும் காப்பாராக.

இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
எட்மண்ட்

பி.கு.: மச்சான், மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். கவரை ஒட்டச் சோற்றுப்பருக்கை எடுத்துக்கொண்டு வருகிறேன், ஹில்டா கூடத்தில் நிற்கிறாள். மாத்திரையை எடுத்துப்போக வந்தாளாம், உட்காரக்கூட இல்லை. மேஜைமேல் கிடந்த கடிதத்தை நின்றபடியே முழுக்கப் படித்தாள். அந்த மூட்டை என்ற இடத்தில் விரலை வைத்து, "இது மட்டும் தப்பு" என்றாள். மூட்டை அடுக்கிய மறுநாளே அவள் நகர்த்தி வைத்துவிட்டாளாம், ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு யார் முன்வாசல் சுற்றுவது என்று. "பின்கதவு தொறந்துதான் இருந்துது. நினைச்சிருந்தா உங்களுக்கு முன்னாடி ஏரிக்கரைக்குப் போயிருப்பேன். நான் வரலன்னு தெரிஞ்சு திரும்பி வருவீங்களான்னு பாத்துட்டு உக்காந்திருந்தேன்" என்றாள். மாத்திரையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மூட்டைகள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன, ஒன்றின்மேல் பூசணிக்கொடி படர்ந்து பூ விட்டிருக்கிறது. இத்தனை மாசம் என் கண்ணில் படவில்லை.

அதனால் அவளை அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, அடுத்த பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது உங்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பேன். தயவுசெய்து அவளைக் கூப்பிடாதீர்கள். எந்த அறையில் இருக்கிறாள் என்றும் எனக்குச் சொல்லாதீர்கள். நானே உள்ளே வந்து தேடிக்கொள்கிறேன்.