நூற்றுக்குத் தொண்ணூறு பூசணிக்காய்

உலக வரலாற்றில் படையெடுத்துத் தங்கம் சேர்த்தவர்கள் உண்டு, கப்பலேறிச் சேர்த்தவர்களும் உண்டு. பூசணிக்காயை வைத்துத் தங்கம் வாங்கிய பெருமை டென்மார்க்கிலேயே எங்கள் ஓஸ்டர்லுண்ட் நகராட்சி ஒன்றுக்குத்தான். சொல்லும்போதே மெய்சிலிர்க்கிறது.

அந்தப் பெருமையைச் சமைத்தவள் இங்கெலிஸ. நகராட்சிச் செலவில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடும் பள்ளிச் சமையலறையின் தலைவி. அவள் பொரிக்கும் பன்றிக்கறி உருண்டைக்கும் பழுப்புக் குழம்புக்கும் பிள்ளைகள் தட்டை நக்காத குறை. இப்படி ஒரு பிற்போக்கான நிலைமை எத்தனை காலம் நீடிக்க முடியும்?

நகராட்சியின் ‘உணவு மாற்ற ஆலோசகர்’ டோர்கில் ஒருநாள் வந்து சேர்ந்தான். அவனுக்கு முட்டை அவிக்கத் தெரியாது. அதனாலேயே அவனிடம் பாரபட்சம் கிடையாது.

“இங்கெலிஸ, இந்த வருஷம் இயற்கை உணவுச் சமையலறைக்குக் குடுக்குற தங்கப் பலகை நமக்கு வந்தாகணும். வாங்குற சாமான்ல, எடைக்கு எடை, நூத்துக்குத் தொண்ணூறு இயற்கை விவசாயத்துல விளைஞ்சதா இருக்கணும்.”

“இல்லேன்னா?”

“சமையலறைய மூடிட்டு, தொழிற்சாலைச் சாப்பாட்ட டப்பாவுல இறக்கிடுவாங்க. தீர்மானம் போட்டாச்சு.”

இங்கெலிஸ அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அடுப்படிதான் அவளுக்கு எல்லாம்.

“அப்ப இயற்கைக் கறி வாங்க நிதி குடு.”

“நிதி பலகை குடுக்குற விழாவுக்கே சரியாப் போச்சு. கொஞ்சம் யோசி. எடைதானே கணக்கு? கனமான காய் எது?”

இருவரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். எதிர் வயலில், முழு இயற்கை முறையில், ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது எங்கள் ஊரின் பொற்காலம்.

பிறகென்ன! பூசணிச் சூப்பு, பூசணி ரொட்டி, பூசணிக் கஞ்சி. வெள்ளிக்கிழமை விசேஷம் என்பதால் பூசணிக்கு மேல் பூசணி. கறி உருண்டையும் உண்டு. கறி மட்டும் அதிலிருந்து விலகிக்கொண்டது.

“இது என்ன, இங்கெலிஸ?” என்றாள் ஒன்பதாம் வகுப்பு சிக்னே.

“கறி உருண்டை.”

“கறி எங்க?”

“அது இயற்கைக் கறி இல்ல, கணக்கக் கீழ இழுத்துடுது கண்ணு. ஒரு வாய் தின்னு பாரேன்.”

“நேத்தும் தின்னேன், முந்தாநாளும் தின்னேன். என் மூஞ்சியப் பாரு, மஞ்சளாயிட்டு வருது!”

சிக்னே எழுந்தாள். அவள் பின்னால் வகுப்பே எழுந்தது. பஸ் ஏறி, ரயில் நிலையத்து வாசலில் சிவப்புச் சாசேஜ் விற்கும் வண்டிக்குப் போய்விட்டார்கள். காசில்லாத பிள்ளைகள் சும்மா கூடப் போய், கடுகுச் சாந்தை நக்கிவிட்டு வந்தார்கள். தினமும் இதே கதை. சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த பூசணியெல்லாம் உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டிக்குள் போனது.

இங்கெலிஸ டோர்கிலிடம் ஓடினாள். “ஒரு பிள்ளைகூடச் சாப்பிடலப்பா! அவ்வளவையும் கொட்டுறேன்!”

“அதனால என்ன? வாங்கினதுதான் கணக்கு. வாய்க்குள்ள போறதெல்லாம் நம்ம துறையில வராது. அதுவும் வீணாப் போகல. தொட்டியில விழுறது எரிவாயு ஆகுது, அதுலதான் நகராட்சி பஸ்ஸு ஓடுது. பாத்தியா, வட்டம் முழுசாயிடுச்சு!”

கரும்பலகையில் வட்டத்தை வரைந்தே காட்டினான். வயல், சமையலறை, தொட்டி, பஸ், மறுபடி வயல். அம்புக்குறி எல்லாம் கச்சிதம். பிள்ளையைத்தான் எங்கும் காணோம்.

விழா நாள் வந்தது. மேசையெங்கும் சின்னச் சின்னக் கொடிகள். விருந்தினருக்கு அடுமனையிலிருந்து கிரீம் கேக். அவர்களுக்குப் பூசணி ஒத்துக்கொள்ளாதாம். மேயர் ஹென்னிங் காலியாகக் கிடந்த சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்து உருகிப்போனார்.

“என்ன ஒழுங்கு! என்ன அமைதி! வயிறு நெறைஞ்ச பிள்ளைங்க இப்படித்தான் இருக்கும்.”

“பிள்ளைங்களே இல்ல ஹென்னிங்,” என்றாள் இங்கெலிஸ.

“அதான் சொல்றேன், ஒரு சத்தம் இல்ல!”

பாட்டுப் பாடினார்கள். தங்கப் பலகையை இங்கெலிஸ கையில் கொடுத்தார்கள். சமையலறை தப்பித்தது. கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் அவளுக்கு அழுகையாக வந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் பஸ் வந்து நின்றது. உதட்டில் கடுகுச் சாந்தோடு சிக்னேயும் கூட்டமும் இறங்கினார்கள்.

இங்கெலிஸ பலகையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள். டிரைவரிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, பஸ்ஸின் முகப்பில் வைத்து முடுக்க ஆரம்பித்தாள். கேக்குத் தட்டோடு மேயர் பின்னாலேயே ஓடிவந்தார்.

“என்ன பண்றீங்க? பரிசு பள்ளிக்கூடத்துக்கு!”

“சாப்பிட்டவங்களுக்குத்தானே குடுக்கணும்? நாம போட்டதத் துளி மிச்சம் வெக்காம தின்னது இந்த ஊர்லயே இது ஒண்ணுதான்.” கடைசித் திருகாணியை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். “பஸ்ஸுக்கு வயிறு நெறைஞ்சிடுச்சு ஹென்னிங். இனிமே பிள்ளைங்களுக்கும் ஏதாவது போடலாமான்னு அடுத்த கூட்டத்துல கேட்டுப் பாருங்க.”