நாற்பத்தோராம் வீட்டின் ஒழுங்கீனம்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த கருவிகளிலேயே மிகவும் அடக்கமானது, ஐன் ஸர்ஸார் நகராட்சி வீட்டுக்கொன்றாக வழங்கிய நச்சுவாயு உணர்கருவிதான். அல்ஜீரிய மேட்டுநிலக் குளிரில் கேஸ் ஹீட்டர் கக்கும் மணமில்லாத நஞ்சை மோப்பம் பிடித்து அலறுவது அதன் கடமை. இரண்டு மாதமாக நாற்பது வீடுகளில் அது வாயே திறக்கவில்லை. பன்னிரண்டாம் வீட்டின் முதிய தம்பதி தூக்கத்திலேயே இறந்துபோனபோதுகூட மரியாதையாக மௌனம் காத்தது. ஆகவே ஆய்வாளர் ஸி மொக்தாத், நாற்பது வீடுகளுக்கும் "காற்று தூய்மை" என்று கையெழுத்திட்டிருந்தார்.

கருவியை மக்கள் மதித்த விதமும் அப்படி. அரசாங்கம் கொடுத்த பொருளை, குடும்பமே நெருக்கியடித்துப் படுக்கும் ஹீட்டர் அறையிலா மாட்டுவார்கள்? விருந்தினர் அறையில், வெள்ளித் தேநீர்த் தட்டுக்கு மேலே மாட்டினார்கள். பெருநாளுக்குப் பெருநாள் திறக்கும் அந்த அறையில் ஹீட்டரும் இல்லை, மனிதரும் இல்லை. நஞ்சு மட்டும் எங்கிருந்து வரும்?

நாற்பத்தோராம் வீடு தையல்காரி ஹூரியாவுடையது.

"வாங்க ஸி மொக்தாத். பாருங்க, தூசி படாம லேஸ் துணி போட்டு மூடி வெச்சிருக்கேன்."

"மாஷா அல்லாஹ்! சத்தம் ஏதாவது போட்டுச்சா?"

"சேச்சே, தங்கமான பிள்ளை. என் பொண்ணு வஸீலாதான் சத்தம் போடுறா. விடிஞ்சா தலைவலி, வாந்தி. பரீட்சை வேற வருது. எவளோ கண்ணு வெச்சிட்டா."

"கண்ணேறுக்கு படிவத்துல இடமில்லையேம்மா."

வரிசை எண்ணைக் குறிக்கக் கருவியைக் கழற்றினார். குளிரில் பேனா நடுங்கியது, மூக்கு ஒழுகியது. ஹூரியாவுக்குப் பொறுக்கவில்லை.

"சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா அந்தச் சின்ன ரூமுக்கு வந்துடுங்க. விருந்தாளியை விறைக்க விட்டா நாளைக்கு அல்லாஹ்கிட்ட என்ன பதில் சொல்லுவேன்?"

கருவியைக் கையில் பிடித்தபடியே போனார். உள்ளே ஹீட்டர் எரிந்தது. காற்றுத் துவாரத்தைப் பழைய கம்பளியால் அடைத்திருந்தார்கள். மெத்தையில் புத்தகமும் கையுமாக வஸீலா சுவரில் சாய்ந்திருந்தாள். கருவி வீறிட்டது.

"ஐயோ, உடைச்சிட்டீங்களா?"

"நானா? ரெண்டு மாசம் ஒழுங்கா இருந்த கருவி! இந்த ரூம் அதுக்கு ஒத்துக்கல. பழைய இடத்துலயே மாட்டிடலாம்."

"மாமா, அதைக் கொண்டுபோகாதீங்க," என்று வஸீலா தள்ளாடி எழுந்தாள். ஹீட்டரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, கம்பளியைப் பிடுங்கி எறிந்தாள்.

"குளிரு உள்ள வருதேடி!"

"வரட்டும்மா."

சற்று நேரத்தில் கருவி அடங்கியது. வஸீலா ஜன்னலில் தலை வைத்து மூச்சு வாங்கினாள்.

"உங்க வீட்ல இது எங்க இருக்கு மாமா?"

"விருந்தாளி ரூம்லதான். கண்ணாடி அலமாரியில."

"பிள்ளைங்க எங்க படுக்கிறாங்க?"

அன்று காலை ஸி மொக்தாத்தின் கடைக்குட்டி அனீஸ் வாந்தி எடுத்திருந்தான். பனியில் விளையாடியதற்காக அவனைத் திட்டிவிட்டு வந்திருந்தார். படிவத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

"காபி!" என்று ஹூரியா கூப்பிட்டது தெருமுனைவரை கேட்டது.

மறுநாளிலிருந்து அவர் கதவு கதவாகத் தட்டி, கருவிகளைச் சின்ன அறைகளுக்கு மாற்றினார். ஒரே வாரத்தில் பதினேழு வீடுகளில் கருவி ஒழுக்கம் கெட்டு அலறியது. "தங்கள் மேற்பார்வையில் ஊரின் காற்று மாசடைந்தது எப்படி? விளக்கம் தருக" என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது.

ஸி மொக்தாத் பணிவுடன் பதில் எழுதினார்:

"ஐயா, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். என் வீடு உட்பட அந்தப் பதினேழு வீடுகளிலும் எல்லோரும் காலையில் கண் விழித்துவிட்டார்கள். தாங்கள் மனம் வருந்த வேண்டாம். பன்னிரண்டாம் வீட்டின் காற்று மட்டும், என் கையெழுத்தின்படி, இன்றும் தூய்மையாகவே இருக்கிறது."