பன்னிரண்டு உளியும் ஒரு 'ழ'வும்

அன்பும் பெருந்தன்மையும் ஒருங்கே கொண்ட மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்காவும், என் இடது கைக் கட்டைவிரல் நீங்கலாக, நலம். புது வீட்டுக்குச் சாமான் கட்டும் அலைச்சலிலும் நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் புது வீட்டு வாசலுக்கு 'நிழல்' என்று பெயர் செதுக்கிய மரப்பலகையை என் கையாலேயே செய்து தருவேன் என்று, போன மாதம் சொந்தக்காரர்கள் பதினெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று சொன்னேன் அல்லவா? அதை நம்பி நீங்களும் வாசலுக்கு மேலே இரண்டு ஆணி அடித்துவிட்டீர்களாம். மாப்பிள்ளை, அந்த ஆணிகளைத் தயவுசெய்து பிடுங்கிவிடுங்கள். பலகை வராது. ஏன் வராது என்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன். உங்கள் அக்காவிடம் கேட்டால் இன்னும் மோசமாகச் சொல்லுவாள்.

உளி வாங்கப் போன இடத்திலேயே சனி பிடித்தது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு மூன்று உளி போதும், ஒன்று தட்டை, ஒன்று குழிவு, ஒன்று கூர்மூக்கு, கையோடு ஒரு சாணைக்கல்லும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். நான் யார்? அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் ஈய எழுத்துக் கோத்தவன். மூன்றே எழுத்தை வைத்துக்கொண்டு எவனாவது பக்கம் கோப்பானா? பெட்டியோடு பன்னிரண்டு கொடுங்கள் என்றேன். கல்லைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து அதை மட்டும் வேண்டாம் என்றுவிட்டேன். பன்னிரண்டில் இரண்டு எதற்கு என்று இன்று எனக்குத் தெரியும். கழுத்து வளைந்த ஒன்று பெயின்ட் டப்பா மூடி திறக்க நன்றாக உதவுகிறது. மிச்சம் ஒன்பதும் பார்க்க லட்சணமாக இருக்கின்றன.

புது உளி தீட்டாமல்தான் வரும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? மொட்டையாக இருக்கிறதே, அடிபடாது, பாதுகாப்புதான் என்று சந்தோஷப்பட்டேன். பலகையை மேசையோடு இறுக்கிக் கட்டச் சொன்னாள் உங்கள் அக்கா. நான் மடியில் வைத்துக்கொண்டேன். மொட்டை உளி மரத்தில் இறங்காது, இறங்காததால் நாம் இன்னும் முட்டுவோம், முட்டியதும் அது வழுக்கிக்கொண்டு நேரே பலகையைப் பிடித்திருக்கும் கைக்குத்தான் வரும். கட்டுப் போட்ட நர்ஸ், எதை வெட்டும்போது பட்டது என்று கேட்டார். 'ழ' என்றேன். அவர் உடனே டாக்டரைக் கூப்பிட்டார்.

பிறகுதான் புத்தி வந்தது. போய்க் கல் வாங்கினேன், தீட்டினேன், ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போன தோல் பெல்ட்டில் தேய்த்துப் பதமாக்கினேன். இரண்டு கையும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்று பழகினேன். அப்போதும் மரத்தின் ரேகைக்கு எதிராகச் செதுக்கி, 'ழ'வின் வால் மூன்று பலகையில் மூன்று தடவை பிய்த்துக்கொண்டு போனது. உங்களுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா மாப்பிள்ளை? 'பட்டம்' என்று வைத்திருந்தால் கோடு கோடாக இழுத்து அரை நாளில் முடித்திருப்பேன்.

ஆனால் நாலாவது பலகையில் உளி சொன்ன பேச்சைக் கேட்டது. எழுத்தை மேடாக விட்டுச் சுற்றியுள்ள மரத்தை எடுக்க எடுக்க, சீவல் சுருண்டு சுருண்டு விழுந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரார் பெயரையெல்லாம் கோத்துக் கொடுத்த கைக்கு, ஓய்வு பெற்ற பிறகு டிவி ரிமோட்டைத் தேடுவதைத் தவிர வேலையே இல்லாமல் இருந்தது. உங்கள் வீட்டு வாசலிலாவது என் கைவேலை ஒன்று தொங்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

இன்று காலை முடித்தேன். எழுத்துகளின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்து, நாலு தடவை படித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. கீழ்வீட்டுத் தையல்காரரிடம் காட்டினேன். ரொம்ப அழகாக இருக்கிறது, இது எந்த நாட்டு எழுத்து என்று கேட்டார். படிப்பு வாசனை இல்லாத மனிதர் என்று விட்டுவிட்டேன். அடுத்து உங்கள் அக்காவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இத யாருங்க படிக்கணும்? செவுத்துக்குள்ள இருந்து பாக்கிறவங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈய எழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும், தாளில் அழுத்தினால்தான் நேராகும். முப்பத்தாறு வருஷம் அப்படியே பார்த்துப் பழகிய கண்ணும் கையும், மரத்திலும் 'நிழல்' என்பதைத் தலைகீழாக, மன்னிக்கவும், இடவலமாகச் செதுக்கித் தொலைத்திருக்கின்றன! எனக்கு மட்டும் அது சரளமாகப் படிக்க வருகிறது, கொடுமை அதுதான்.

போதும் மாப்பிள்ளை. இனி நான் உளியைத் தொடப்போவதில்லை. பெட்டியோடு தையல்காரருக்குக் கொடுத்துவிட்டேன். கடையில் பிளாஸ்டிக்கில் ஒரு பெயர்ப் பலகை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பதினெட்டுப் பேர் கேட்டால் அத்தானுக்குக் கைவலி என்று சொல்லுங்கள், பாதி உண்மைதான்.

புது வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாமல் நீங்கள் எல்லோரும் நீடூழி வாழ வேண்டும். தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
தலைகுனிந்த உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உள்ளேயிருந்து உங்கள் அக்கா கூப்பிட்டாள். பலகையைக் கண்ணால் பார்க்கப் பிடிக்காமல் கட்டிலில் குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கிறாள், பெயின்ட் காயவில்லை. கட்டிலில் இருந்தது உங்கள் புது வீட்டுக்கென்று அவள் வாங்கி வைத்த வெள்ளை விரிப்பு. இன்றைக்கு நமக்கு இருக்கிறது என்று போய் நின்றேன். விரிப்பின் நட்டநடுவில் 'நிழல்'. நேராக, கருகருவென்று, 'ழ'வின் வாலோடு. திட்டுவாள் என்று பார்த்தால், கண்ணாடியை மறுபடி துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இவ்ளோ அழகா வருமா உங்களுக்கு?" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை வந்தது இதுதான் முதல் தடவை. ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. உளிப்பெட்டியைத் தையல்காரரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். நான் ஆரம்பத்திலிருந்தே அச்சுப் பலகைதான் செய்தேன் என்று பதினெட்டுப் பேரிடமும் சொல்லிவிடுங்கள். ஆணிகளைப் பிடுங்க வேண்டாம், பலகைக்குப் பதில் விரிப்பு வருகிறது, இன்னும் நாலு அடித்து வையுங்கள். விரிப்பை வெட்ட உங்கள் அக்கா சம்மதிக்கவில்லை, அது இரட்டைக் கட்டில் அளவு.