கப்பல் பாய் கடையின் வெற்றிலைத் தட்டு

சோழநாட்டில் சோற்றை வேண்டுமென்றே குழையவிட்டு, அதற்கு ஒரு பெயர்ப் பலகையும் மாட்டிய ஒரே மனிதர் கப்பல் பாய்தான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து விழுந்து கும்பிடுகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஊர் திரும்பியவர் என்பதால் தெருவுக்கே அவர் கப்பல் பாய். தஞ்சாவூரில் புது ஆற்றங்கரையில் எங்கள் பெண்கள் விடுதிக்கு இரண்டு கட்டடம் தள்ளிக் கடை போட்டிருந்தார். "ஜப்பான் - மெக்சிகோ உணவகம்" என்று பலகை. அதற்குக் கீழே பொடி எழுத்தில், "சைவமும் உண்டு."

தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத்தும் கம்ப்யூட்டர் சென்டரும் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்படி ஒரு சென்டரில்தான் நான் பாடம் நடத்தினேன். என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் பாடத்தை முடிப்பதற்குள் பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுத்துவிடுவார்கள். சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது எதிர்த் திசையிலிருந்து வந்து இறங்கியவர் பாய்.

அந்தச் சமையல் எப்படிப் பிறந்தது என்று கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

"கேப்டன் ஜப்பான்காரரும்மா. அவருக்கு ஒட்டுற சோறு வேணும். எஞ்சின் ஆளுங்க மெக்சிகோ. அவங்களுக்கு ரொட்டி, பயறு, காரம். தெனம் அடுப்படியில சண்டை. ஒரு நாள் புயல்ல எல்லாப் பாத்திரமும் கவுந்து ஒண்ணாக் கலந்துபோச்சு. அப்படியே அள்ளிச் சுருட்டிக் கொடுத்துட்டேன். அன்னிலேர்ந்து கப்பல்ல சண்டையே இல்ல."

புயல் அடித்த கடல் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறும். அவர் மனைவி ஜொகரா அக்கா கல்லாவில் உட்கார்ந்தபடி, "போன வாரம் அது பனாமா பக்கம் அடிச்சுது" என்பார். அக்கா நாகூர்க்காரர். கடலைப் பற்றி யாரும் அவரிடம் கதைவிட முடியாது. பாய் பச்சை மீனை அப்படியே பரிமாற நினைத்தபோது, "பச்சை மீன் திங்க இந்த ஊருல எல்லாரும் கொக்கா?" என்று ஒரே கேள்வியில் அதை முடித்து வைத்தவரும் அவர்தான். அதன் பிறகு வஞ்சிரம் பொரித்துத்தான் உள்ளே போனது.

சோறுதான் பெரிய தகராறு. பொலபொலவென்று உதிராத சோற்றைத் தஞ்சாவூர்க்காரன் பார்த்தால் அவனுக்குக் கோபம் வராது, பரிதாபம்தான் வரும். கடைக்கு வந்தவர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினார்கள்.

"என்ன பாய், அடுப்புல வச்சுட்டுக் கண் அசந்துட்டீங்களா?"

"பரவால்ல பாய், மொத நாளு எல்லாருக்கும் அப்படித்தான் கொழையும்."

ஆறாவது மாதத்திலும் அது மொத நாளாகவே இருந்தது. ரைஸ் மில்காரர் ஒருவர் ஒரு கவளத்தை எடுத்து உதறி உதறிப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். அடுத்து அவர் கேட்டது ரசம்.

"கப்பல்ல ரசம் கெடையாதுங்க."

"அப்ப மோராவது ஊத்துங்க."

"மோரும் கெடையாது."

"மோர் இல்லன்னா சாப்பாடு எப்படிங்க முடியும்?"

உலகத்தையே சுற்றியவர் அன்றைக்கே பால்காரரிடம் தயிருக்குச் சொல்லி வைத்தார். மறுநாளிலிருந்து ஜப்பானுக்கும் மெக்சிகோவுக்கும் பின்னால் ஒரு டம்ளர் மோர் வந்தது.

அதைவிடப் பெரிய வேடிக்கை வெற்றிலை. ஜப்பானில் சோற்றைக் கடற்பாசித் தாளில் சுருட்டுவார்களாம். தஞ்சாவூரில் அதற்கு எங்கே போவது? பாய் கும்பகோணம் வெற்றிலையில் சுருட்டினார். ருசி என்னவோ பிரமாதம். ஆனால் வெற்றிலையைக் கண்டால் நம் ஆட்களுக்குச் சாப்பாடு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, "சாப்பாடு எப்ப வரும்?" என்று காத்திருந்தார்கள். சிலர் முழுசாகக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சுண்ணாம்பு கேட்டார்கள்.

இத்தனை இருந்தும் நான் ஏன் அங்கே தினமும் போனேன்? விடுதிச் சாம்பார் ஒரு காரணம். சாயங்காலம் இன்னொரு காரணம். மேட்டூர் திறந்து புது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால், அந்திவெயில் தண்ணீரில் பட்டு ஜன்னல் வழியே ஏறி, கடையின் உட்கூரை முழுக்க அலை அலையாக நெளியும். குறைந்த மின்சாரத்தில் மின்விசிறி தூக்கக் கலக்கத்தில் சுற்றும். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தால் கரை அப்படியே நிற்க, கடை நகரத் தொடங்கும். சத்தியமாக நகரும். பாய் கப்பலிலிருந்து கொண்டுவந்த வெண்கல மணியை ஒரு தட்டு தட்டித் தட்டைக் கொண்டுவந்து வைப்பார்.

"இப்ப எந்தத் துறைமுகம் பாய்?" என்று கேட்பேன்.

"யோகோஹாமா. பனி கொட்டுதும்மா, ஜன்னலைச் சாத்துங்க."

ஆடிப் புழுக்கத்தில் வேர்த்து வழிய நாங்கள் ஜன்னலைச் சாத்துவோம். தோழி ஒருத்தி தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கவே செய்தாள். அந்தக் கடையில் உட்கார்ந்து நான் போகாத ஊர் கிடையாது.

ஆனால் கனவு கண்டால் கடை நடக்குமா? விடுதிப் பெண்களைத் தவிர மேசைகள் காலி. கப்பல் ஏஜெண்டிடமிருந்து மறுபடி போன் வரத் தொடங்கியது. தீபாவளிக்குள் கடை தேறாவிட்டால் பாய் கப்பலேற வேண்டியதுதான். பரண் மேலிருந்த தகரப் பெட்டி கீழே இறங்கியது. ஜொகரா அக்கா அதன் பக்கமே திரும்பமாட்டார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இவர் மூஞ்சியைவிட இவர் அனுப்புன கடுதாசியைத்தான் நான் அதிகம் பாத்திருக்கேன்" என்றார் ஒரு நாள். "வயித்துக்கு இல்லாட்டியும் பரவால்ல, இங்கயே கெடக்கட்டும்."

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை அமெரிக்கா போகத் தயாராக நின்ற கம்ப்யூட்டர்காரர். "சும்மா ஒரு தடவ பாத்துக்கட்டும், அப்புறம் யோசிச்சுச் சொல்லுவோம்" என்பதுதான் மன்னார்குடியிலிருந்து அப்பா சொன்ன சேதி. விடுதிக்குள் ஆண்கள் வரக்கூடாது. "பாய் கடையில் பார்ப்போம், கூட்டம் இருக்காது" என்றேன். ஒரு மேசையாவது நிறையுமே என்பது என் உள்நோக்கம்.

இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்கார்ந்தது. பாய் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பித்தளைத் தட்டு இரண்டில் வெற்றிலைச் சுருள்களைச் சைவமாக அடுக்கி, மணியை ஓங்கி அடித்து, ஆளுக்கொன்றாக இரண்டு அப்பாக்களின் முன்னாலும் வைத்தார். வைத்த பிறகுதான், இரண்டில் கடுகு அரைத்துப் போட்ட காரத் தட்டு என் அப்பாவிடம் போய்விட்டது அவருக்குத் தெரிந்தது. அப்பாவுக்கு அல்சர் என்று முன்கூட்டியே நான் சொல்லி வைத்திருந்தேன்.

"ஐயா, நில்லுங்க! அதை அவங்க கையில கொடுங்க, அவங்க கையில உள்ளதை நீங்க வாங்கிக்குங்க!" என்று பாய் புயலில் கத்துகிற குரலில் கத்தினார்.

எத்தனை நிச்சயதார்த்தம் பார்த்த கைகள் அவை! வெற்றிலை இருக்கிற தட்டு கையில் வந்தால் உடம்பு தானாக எழுந்து நின்றுவிடும். இரண்டு பேரும் எழுந்தார்கள், துண்டைச் சரிசெய்தார்கள், கிழக்குப் பார்த்துத் திரும்பித் தட்டை மாற்றிக்கொண்டார்கள். என் அம்மா கடிகாரத்தைப் பார்த்து, "எமகண்டம் முடிஞ்சுடுத்து" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

உட்கார்ந்த பிறகுதான் அப்பாவுக்கு உறைத்தது.

"நாம இப்ப என்ன பண்ணினோம்?"

"தட்டு மாத்திட்டோம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, முகம் வெளுத்து. "மணியும் அடிச்சுடுத்து. மாத்தின தட்டைத் திருப்பினா நல்லதில்லையே."

உட்கூரையில் தண்ணீர் வெளிச்சம் நெளிந்தது. எல்லோரும் எங்கள் இருவரையும் பார்த்தார்கள். மாப்பிள்ளையோ தட்டில் பாதியைக் காலி செய்துவிட்டு அடுத்த சுருளுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"சாதம் கொழஞ்சிருக்கேன்னு நீங்க கேக்கவே இல்லையே?" என்றேன்.

"நல்லா இருக்கே. எதுக்குக் கேக்கணும்?"

"எனக்குச் சம்மதம்" என்றேன் அப்பாவிடம்.

பாய் ஆனந்தத்தில் இன்னொரு முறை மணியடித்தார். மாப்பிள்ளையின் அப்பா சுருளைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "சுண்ணாம்பு இருக்கா?" என்றார்.

சேதி ஊரெல்லாம் பரவியது. முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கிற சம்பந்தமா, பாய் கடையில் வைத்துத் தட்டு மாற்றினால் முடிந்துவிடும் என்று பேச்சு கிளம்பியது. பாபநாசத்திலிருந்தும் ஒரத்தநாட்டிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள்.

"நான் உலகச் சமையல் பண்றேன், இவங்க சம்பந்தம் பேசுறாங்க!" என்று பாய் குமுறினார்.

"பேசட்டும். நீங்க சுருட்டுங்க" என்றார் ஜொகரா அக்கா. தகரப் பெட்டியிலிருந்த சட்டைகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, ஈரத்துணி விரித்து, உள்ளே வெற்றிலைக் கவுளிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் பாடி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன சாயங்காலம், பழக்க தோஷத்தில், "இப்ப எந்தத் துறைமுகம் பாய்?" என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. கல்லாவில் இருந்த ஜொகரா அக்காவைப் பார்த்தார்.

"எறங்கியாச்சும்மா. வீடு வந்துருச்சு."

அமெரிக்காவில் இப்போது நாங்கள் இருக்கிற ஊரில் நிஜமான ஜப்பான் - மெக்சிகோ உணவகம் ஒன்று திறந்திருக்கிறார்கள். போன வாரம் போனோம். கடற்பாசித் தாள், ஒட்டுகிற சோறு, எல்லாம் முறைப்படி இருந்தது. என் கணவர் நன்றாக இருக்கிறது என்றார், அவருக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். மோர் இல்லாமல் எனக்குச் சாப்பாடு முடியவே இல்லை. அண்ணாந்து பார்த்தேன், உட்கூரை அசையாமல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இப்ப எந்தத் துறைமுகம் பாய் என்று கேட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவர் மணியடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.