பாய்லர் மாமுவும் கொண்டைக்குருவியும்

திருவொற்றியூர் ஹைரோடு முழுக்கத் தேடினாலும் குருவிகளை அவ்வளவு நேசித்தவரும் கிடையாது, அவ்வளவு விரட்டியவரும் கிடையாது. இரண்டும் ஒரே ஆள்: பாய்லர் மாமு.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் ஒரே தொழிற்சாலை. நான் ஆபீஸில், அவர் பாய்லர் ஷாப்பில். டோல்கேட் பக்கம் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். இரும்புத் தகட்டில் சம்மட்டி அடித்து அடித்து அவருக்குக் காது பாதி போயிருந்தது. அவர் ரகசியம் சொன்னால் எதிர்ச்சாரி டீக்கடையிலிருந்து பதில் வரும்.

ஞாயிறானால் என்னை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் போவார். அங்கே உண்ணிச்செடிப் புதர்கள். கறுத்துப் பழுத்த பழங்களைத் தின்னக் கொண்டைக்குருவிகள் வரும். மாமு மண்ணில் குப்புறப் படுத்துக்கொள்வார். குருவி பழத்தைக் கொத்தி, அண்ணாந்து விழுங்கும். மாமுவும் அண்ணாந்து எச்சில் விழுங்குவார். பிறகு என் பக்கம் திரும்பி, "உஷ்ஷ்! சத்தம் போடாத நைனா!" என்பார். பாய்லரில் ஆவி பீறிட்டது போல இருக்கும். புதரே காலி.

"பாத்தியா? உன்னாலதான் பூட்ச்சி!"

நான் வாயையே திறந்திருக்க மாட்டேன்.

வயது முப்பத்தைந்தாகியும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் "உம் பேரு இன்னா?" என்று மிருதுவாகத்தான் கேட்பார். பெண் பயந்து உள்ளே ஓடிவிடுவாள். கடைசியாக, ராயபுரத்தில் பிலோமினா வீடு. துணைக்கு நானும் போனேன்.

"அங்க வந்து வாயத் தொறந்தே, நான் உனுக்கு அக்காவே கெடையாது" என்று அவருடைய அக்கா வழியெல்லாம் மிரட்டிக்கொண்டு வந்தாள். மாமு பரிதாபமாகத் தலையாட்டினார்.

காபி வந்தபோது மாப்பிள்ளையைக் காணோம். உள்ளே போய்ப் பார்த்தால் பெண்ணையும் காணோம்.

பதறிப்போய்ப் பின்பக்கம் ஓடினோம். வேலியில் படர்ந்த கோவைக்கொடியில் ஒரு கொண்டைக்குருவி சிவந்த பழத்தைக் குடைந்துகொண்டிருந்தது. மாமு புது வேட்டியோடு மண்ணில் படுத்துக் கிடந்தார். பக்கத்தில் பிலோமினா, பட்டுச்சேலையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் மாமு மூச்சை இழுத்தார். தொலைந்தது என்று நினைத்தேன். அதற்குள் அவள் சட்டென்று உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்திவிட்டாள்.

குருவி நிதானமாகப் பழத்தைத் தின்று முடித்தது. அலகைக் கொடியில் இரண்டு தரம் துடைத்தது. ஒரு பாட்டுப் பாடிவிட்டு, தானாகவே பறந்து போனது. ஒரு குருவி வயிறு நிறையத் தின்பதை மாமு அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

பிலோமினாவின் அப்பாதான் முதலில் பேசினார். "தாலி கட்றதுக்கு முன்னயே வாயப் பொத்திட்டா! இனிமே பேசறதுக்கு இன்னா கீது? ஏம்மா, உனுக்குப் புடிச்சிருக்கா?"

"மெதுவாப் பேசு நைனா, இன்னொண்ணு வருது" என்றாள் அவள், கையை எடுக்காமலே.

கல்யாணத்துக்குப் பிறகு சைக்கிளின் பின்சீட்டு பிலோமினாவுக்குப் போய்விட்டது. இனி ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தூங்கலாம் என்று இழுத்துப் போர்த்திப் படுத்தேன். மூன்று வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வாடகை சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு நானும் அவர்கள் பின்னாலேயே எண்ணூருக்கு மிதித்தேன்.