கண்ணீரம்மனுக்குக் குளியல்

சித்திரை வெயிலில் தார் ரோடு இளகிக்கொண்டிருந்தபோது, செம்பாக்கம் வைகுந்த நகர் முனையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் அழ ஆரம்பித்தது. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. மரத்தடியில் மட்டும் சொட்டுச் சொட்டாகத் தூறல். நேரில் பார்த்தவர்கள் நாலைந்து பேர். வாட்ஸப்பில் பார்த்தவர்கள் ஊர் முழுக்க. மறுநாளே அனகாபுத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். நாவலூர் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஃபிளாஸ்க்குமாக, ஆபீஸ் போகிற வழியில் வண்டியை நிறுத்தினார்கள். வந்தவர் எல்லாரும் அண்ணாந்து வாயைத் திறந்து நின்றார்கள். மேலே உட்கார்ந்திருந்த காக்கைகள் கொஞ்சம் பொறுப்பாக நடந்துகொண்டன. இல்லாவிட்டால் விபரீதம் ஆகியிருக்கும்.

நாக்கில் சொட்டு விழுந்த ஒருவர் "இனிக்குதுப்பா!" என்றார். அவ்வளவுதான். மரம் கண்ணீரம்மன் ஆகி, அடிமரத்தில் மஞ்சள் துணி ஏறியது. மஞ்சள் துணிக்குக் கீழே உண்டியல் வந்தது. உண்டியலுக்குப் பக்கத்தில் தருவானந்த சுவாமிகள் வந்தார். நம் ஊரில் இந்த மூன்றும் சேர்ந்தேதான் முளைக்கும். விதை எங்கிருந்து வருகிறது என்று தாவரவியல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

சுவாமிகள் துறவுக்கு முன்னால் சுப்பராயலு. ராஜகீழ்ப்பாக்கத்தில் கேன் தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தவர். குழாயில் வருவதைக் கேனில் பிடித்துக் காசாக்கியவருக்கு, மரத்தில் வருவதைப் பாட்டிலில் பிடித்துக் காசாக்குவது பெரிய தாவல் இல்லை. தார்ப்பாய் விரித்து, தொட்டி வைத்து, சின்னச் சின்னப் பாட்டிலாக அடைத்து அம்பாரமாக அடுக்கிவிட்டார்.

"ஆத்தா அழுவுறா! உங்க கஷ்டத்தைப் பாத்து அழுவுறா!" என்று மைக்கில் முழங்கினார்.

ப்ரியா என்ற சாஃப்ட்வேர் பெண்ணுக்கு ஒரு சின்ன சந்தேகம். "கண்ணீர்னா உப்பாத்தானே இருக்கணும் சாமி? இது ஸ்வீட்டா இருக்கே?"

"மனுஷன் கண்ணீரு உப்பும்மா. தெய்வத்தோட கண்ணீரு சர்க்கரை!"

கூட்டம் "ஆஹா" என்றது. ப்ரியாவும் "ஆஹா" என்றாள். ஒரு கேள்வி கேட்டாயிற்று, பதில் மாதிரி ஏதோ வந்தாயிற்று. படித்த பெண்ணுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

"சர்க்கரை வியாதிக்கு இதுதான் மருந்து! சர்க்கரையைச் சர்க்கரைதான் வெரட்டும்! ஆனா ஒண்ணு. மாத்திரையும் தீர்த்தமும் ஒரே வயித்துல ஒத்துப் போவாது. எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க!"

இந்த விஷயம் முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் அஞ்சலி. அவள் மரத்தைப் பராமரிக்கிற தொழில்காரி. முன்பு நாவலூர் கண்ணாடிக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஜன்னல் துடைத்தவள். மேனேஜர் தொல்லை தாங்காமல், அதே கயிற்றையும் இடுப்புப் பட்டையையும் எடுத்துக்கொண்டு மரத்துக்கு மாறிவிட்டாள். விசிட்டிங் கார்டில் 'அஞ்சலி ட்ரீ கேர்: முதலாளி, மேனேஜர், லேபர் எல்லாம் அஞ்சலி' என்று அச்சடித்திருந்தாள். கிளையை அறுத்துத் தள்ளும் முன் "கிளை வருது!" என்று கத்துவாள், கீழே யாரும் இருக்க மாட்டார்கள். கயிறு பிடிக்கிற ஆள் கீழேயிருந்து சொல்ல வேண்டிய "போட்டும்" என்ற பதிலையும் அவளே சொல்லிக்கொள்வாள். தன்னைவிட்டால் இந்தத் தொழிலில் ஆளில்லை என்கிற நினைப்பு அவளுக்கு எப்போதும் உண்டு.

அழுகை ஆரம்பிக்கும் முன்பே நலச்சங்கச் செயலாளர் சூர்யநாராயணன் அவளைக் கூப்பிட்டிருந்தார். ரிட்டயரான பேங்க் மேனேஜர். மரத்தடியில் விட்ட புதுக் கார் முழுக்கப் பிசுபிசுப்பு என்று புகார். அஞ்சலி ஏறிப் பார்த்தாள். இளங்கிளைகளில் வரிசையாகச் சின்னச் சின்னப் பூச்சிகள், மரத்தின் சாற்றை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. உறிஞ்சுவது ஒரு பக்கம் என்றால் கழிப்பது மறுபக்கம். அந்த இனிப்புக்கு எறும்புகள் சாரி சாரியாக ஏறிக்கொண்டிருந்தன. "சோப்புத் தண்ணி அடிச்சா சரியாப் பூடும் சார்" என்று சொல்லிவிட்டு, ஸ்பிரேயர் ரிப்பேர் என்பதால் பிறகு வருகிறேன் என்று போனாள். ரிப்பேர் முடிந்து வந்து பார்த்தால் பந்தல் போட்டிருந்தது.

"சார், இது பூச்சி மூத்திரம் சார்!" என்றாள் சூர்யநாராயணனைத் தனியே இழுத்து.

அவர் முகம் வெளுத்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு பாட்டில் குடித்துவிட்டு வந்திருந்தார். "அஞ்சலி, இது சென்டிமென்ட் விஷயம்மா. அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்றார் உறுதியாக.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி நாகலக்ஷ்மி, முட்டை கலந்திருக்கும் என்று பேத்தியின் பிறந்தநாள் கேக்கையே தொடாதவர். "உனக்கு ஸ்பிரே காண்ட்ராக்ட் போச்சேன்னு வயித்தெரிச்சல்" என்று முடித்துவிட்டார். குடிக்காதவரிடம் உண்மையைச் சொல்லலாம். குடித்து முடித்தவருக்கு அது தீர்த்தமாக இருந்தே தீர வேண்டும்.

அஞ்சலி "எக்கேடோ கெட்டுப் போங்க" என்று வண்டியைக் கிளப்பினாள். ஊர் குடித்தால் குடிக்கட்டும் என்றுதான் இருந்தாள். அவள் அம்மா பொன்னி மீன் கூடைக்குப் பக்கத்திலேயே மயங்கி விழும் வரைக்கும்.

பொன்னி கோவளத்தில் மீன் எடுத்து வந்து செம்பாக்கம் மார்க்கெட்டில் விற்பவள். வருஷக்கணக்காகச் சர்க்கரை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "நானூறுக்கு மேல இருக்கு. மாத்திரை சாப்பிடறாங்களா, இல்லையா? இப்படியே விட்டா ஆள் தங்காது" என்று அஞ்சலியைத்தான் திட்டி, ஊசி போட்டு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து பார்த்தாள். காலி.

"யம்மா, மாத்திரைலாம் எங்க?"

"ஆத்தாகிட்ட குட்த்துட்டேன்."

"குட்த்துட்டேன்னா?"

"உண்டியல்ல போட்டுட்டேன்டி."

"மாத்திரையவா? உண்டியல்லயா? ஆத்தாவுக்கு சுகர் கீதா?"

"கம்னு கெட. நீ ஒண்டியா மரத்துல தொங்கிகினு கீறே. கவுறு புடிக்க ஒரு ஆளு உண்டா? வுயுந்தா தூக்க ஆளு உண்டா? தெனம் நீ வூடு வந்து சேர்றதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வருது. அதான் வேண்டிகினேன். எம்மவ வுயாம இருக்கணும், நான் மாத்திரைய வுட்டுட்றேன்னு."

அஞ்சலிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காலி டப்பாவை மூடி வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யம்மா, நான் வுயாம இருக்கறது கவுத்தால. முடிச்சு போட்டு, இழுத்துப் பாத்து, ஆட்டிப் பாத்து, அப்பால தான் கால எடுக்கறேன். நாளைக்கி என்கூட வா. அந்த ஆத்தாவையும் ஒருவாட்டி இழுத்துப் பாக்கலாம்."

"வேண்டுதல வுட்டா உனக்கு ஆவாதுடி."

"விட வேணாம். பாக்க மட்டும் வா."

வெள்ளிக்கிழமை கூட்டம் நெரிந்தது. அஞ்சலி ஸ்பிரேயரும் கயிறுமாக மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சாமி! ஆத்தாவைக் குளிப்பாட்டறேன்னு வேண்டுதல்! சீயக்காயும் வேப்பெண்ணெயும் கலந்து வெச்சிகீறேன்!"

சாமி முகம் மலர்ந்தது. சீயக்காயும் வேப்பெண்ணெயும்! எந்தக் கோயிலில் மறுக்க முடியும்? கொஞ்சம் சோப்பும் கலந்திருப்பதை அஞ்சலி சொல்லவில்லை. தெய்வ காரியத்தில் சிலதை மறைக்கலாம் என்பது சாமி காட்டிய வழிதானே.

"ஆனா கிழக்குக் கிளைக்கு மட்டும்தான் குளியல். மேக்கால ஒரு சொட்டுகூட அடிக்க மாட்டேன். இது ஆத்தா கண்ணீருன்னா நாளைக்கி ரெண்டு பக்கமும் சொட்டணும். சொட்டுச்சுன்னா நான் மொட்டை அடிச்சுகினு இந்தப் பந்தல பெருக்கிகினு கெடக்கறேன். கிழக்கால மட்டும் நின்னுபோச்சுன்னா எல்லாரும் கொஞ்சம் யோசிங்க."

சாமி உடனே ஒப்புக்கொண்டார். ஏன் தெரியுமா? அந்தச் சொட்டு எங்கிருந்து வருகிறது என்று அவருக்கே தெரியாது. எதிர் மாடி வீட்டு ஏ.சி. தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்! ஏ.சி. தண்ணீர் சீயக்காய்க்கா நிற்கும்? அத்தனை நாளும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் ஒருமுறைகூட அண்ணாந்து பார்த்ததில்லை. உண்டியல் கீழே அல்லவா இருந்தது?

அஞ்சலி கயிற்றை வீசினாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள், ஏறினாள். கீழே பக்தர்கள் தீர்த்தம் வீணாகாமல் இருக்க வெள்ளை வேட்டிகளை விரித்துப் பிடித்தார்கள். அவள் ஸ்பிரேயை அடித்தாள். வேட்டிகள் மேல் பொலபொலவென்று ஏதோ கொட்டியது. கறுப்பும் பழுப்புமாக, கால் உதறிக்கொண்டு.

நாகலக்ஷ்மி ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இது என்னடிம்மா பிரசாதம்?" என்றார்.

"பிரசாதம் இல்ல மாமி," என்று மேலிருந்து குரல் வந்தது. "பிரசாதம் குட்த்த ஆளுங்க!"

மாமி அதைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கணவரின் வேட்டியில் துடைத்தார். சாமி மைக்கைப் பிடித்து, "கண்ணுக்குத் தெரியாத பூத கணங்கள் கண்ணுக்குத் தெரியுது! புண்ணியவான்களே!" என்றார். பாதிக் கூட்டம் கும்பிட்டது.

இறங்கும்போது அஞ்சலி மேற்குப் பக்கத்திலிருந்து பூச்சிகளோடு ஒரு சின்னக் கிளையை ஒடித்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி, பந்தல் மூலையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியில் வைத்தாள். "நீ வேற எதையும் பாக்காத. இத்த மட்டும் பாரு."

மறுநாள் காலை ஊரே கூடியது. கிழக்குக் கிளையின் கீழே தரை காய்ந்து கிடந்தது. மேற்கே சொட்டுச் சொட்டென்று அருள் கொட்டிக்கொண்டிருந்தது.

கூட்டம் முணுமுணுத்தது. சாமி அசரவில்லை. "குளிச்ச ஆத்தா மொகத்த மேக்கால திருப்பிகினா! அவ்ளோதான்! எல்லாரும் மேக்கால வாங்க!"

கூட்டம் பாட்டில்களோடு மேற்கே நகர்ந்தது. சத்தியமாக நகர்ந்தது! அஞ்சலி தலையில் அடித்துக்கொண்டாள். பகுத்தறிவுக்குச் சோப்பு மட்டும் போதாது போலிருக்கிறது.

அப்போது பந்தல் மூலையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. மார்க்கெட்டில் சங்கரா மீனையும் காரப்பொடி மீனையும் தெருக்கோடி வரைக்கும் விற்ற குரல்.

"டேய் சாமி!"

பொன்னி பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். நேற்றிலிருந்து கண் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள்.

"இந்தப் பூச்சிக்கு வாலுக்கடியில ஒரு சொட்டு நிக்குது. அப்பால வுயுது. மறுக்கா நிக்குது, மறுக்கா வுயுது. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். அத்தக் குடிச்சா என் சுகரு கொறையும்னு நீ சொன்னே?"

சாமி இரண்டு கையையும் உயர்த்தினார். "சாமி இன்னைக்கி மௌன விரதம்" என்றார், சாமியே.

"பேச வேணாம். குடிச்சுக் காட்டு." பாட்டிலின் அடியில் சேர்ந்திருந்ததை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மூலஸ்தானத்துலேர்ந்து நேரா வந்துது. ஊருக்கே குட்த்தியே, நீ ஒரு வாய் குடி."

கூட்டம் திரும்பியது. முதல் தடவையாக எல்லாரும் சாமியைப் பார்த்தார்கள், மரத்தை அல்ல. இந்த மனிதர் ஒரு சொட்டாவது குடித்து யாராவது பார்த்திருக்கிறார்களா? ப்ரியா மெதுவாக அவருடைய நாற்காலிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சீல் வைத்த தண்ணீர் கேன் இருந்தது. மேலே ஒரு டம்ளர்.

"நீங்க ஒரு நாள்கூட குடிச்சதில்லையா?" என்றார் நாகலக்ஷ்மி. குரல் கிறீச்சிட்டது.

"எனக்கு... வெளித் தண்ணி ஒத்துக்காதும்மா" என்றார் சுப்பராயலு.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிப்பது நாகரிகமில்லை. வைகுந்த நகர் சாக்கடை ஓரம் முழுக்கப் பெரிய மனிதர்கள் குனிந்து நின்றார்கள். சூர்யநாராயணன் வாய் கொப்பளித்த தண்ணீரில் ஒரு தெருவே நனைந்தது. அந்தக் குழப்பத்தில் சுவாமிகள் மைக்கை விட்டுவிட்டு ஓடினார். உண்டியலைத் தூக்கப் பார்த்தார். அதன்மேல் அஞ்சலி உட்கார்ந்திருந்தாள். கொண்டு போனது கேனை மட்டும்தான்.

உண்டியலைத் திறந்ததும் பொன்னியின் மாத்திரைதான் முதலில் வந்தது. இவளுடையது மட்டும் அல்ல. பிரஷருக்கு, இதயத்துக்கு, தைராய்டுக்கு என்று ஒரு மருந்துக்கடைக்கே ஆகிற அளவு இருந்தது. பொன்னி தன்னுடையதைப் பொறுக்கி, சாமி விட்டுப்போன டம்ளரில் தண்ணீர் பிடித்து, அங்கேயே ஒன்றை விழுங்கினாள்.

"அட ச்சே," என்றாள் மகளிடம். "செவுளத் தூக்கிப் பாக்காம ஒரு நெத்திலி வாங்க மாட்டேன் நானு. இந்தாளு செவுளத் தூக்கிப் பாக்காம பூட்டனே."

"உன் வேண்டுதல்?"

"நீ முடிச்சப் பாத்துகினு ஏறு. நான் மாத்திரையப் போட்டுகினு கீய வந்து நிக்கறேன். 'கிளை வருது'ன்னு நீ கத்துனா, 'போட்டும்'னு சொல்ல ஒரு ஆளாச்சு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்னியின் கூடைக்குப் பக்கத்துத் தள்ளுவண்டியில் நாகலக்ஷ்மி வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, நுனியை ஒடித்து, முற்றலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். பொன்னி வெகுநேரம் பார்த்தாள்.

"மாமி, வெண்டக்காய்க்கே இவ்ளோ டெஸ்டா?"

மாமி அவசரமாகப் பையை மூடிக்கொண்டு நடந்தார்.

மாமியை மட்டும் சொல்லி என்ன? கால் கிலோ காய்க்கு நுனி ஒடித்துப் பார்க்காத வீடு இந்த ஊரில் ஒன்றாவது உண்டா? அடுத்த சுவாமிகள் எந்த மரத்தடியிலோ தொட்டி வைத்துக்கொண்டுதான் இருப்பார். போவதென்றால் போங்கள், ஐயா. வெண்டைக்காய் வாங்குகிற அதே கையோடு போங்கள்.